எர்மிதாஸ் சொன்ன சொல்

திரெய் என்கிறாள் எர்மிதாஸ், நீதிமன்றக் கூண்டின் கட்டையைப் பற்றியபடி, மிஞ்ஞோ ஆற்றில் படகு வலிப்பவள், பண்ணையின் காரியஸ்தனை ஆற்றில் தள்ளிக் கொன்றதாக வழக்கு, அவனை நான் திரெய் ஐயா, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் நாங்கள் பேசும் கலீசிய மொழியில் அதற்கு வெளியே இழுத்தேன் என்று பொருள், வெளியூர் நீதிபதியின் ஸ்பானியக் காதிலோ அது தூக்கி எறிந்தேன் என்று விழுகிறது, பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா, என்று அரசு வக்கீல் எழுகிறார், நீதிமன்ற எழுத்தரான நான் எறிந்தேன் என்றே தட்டச்சு செய்கிறேன், விரல்கள் செய்தன, இல்லை, நான்தான் செய்தேன், ஏழு வயதில் வகுப்பில் தண்ணீர் வேண்டும் என்று வீட்டு மொழியில் கேட்டேன், மாட்டுக்கொட்டில் பாஷைய இங்க பேசாதே, என்றார் வாத்தியார், உள்ளங்கையில் விழுந்த பிரம்படி, அதன்பின் அம்மாவிடம்கூட அதைப் பேசவில்லை, சாகும்போது அவள் கூப்பிட்டதற்கும் ஸ்பானியத்தில்தான் பதில் சொன்னேன், விசாரணையின் முதல் நாள் இரவுக் கனவில் எர்மிதாஸின் முகத்தோடு அம்மா இடுப்பளவு நீரில் நிற்கிறாள், கைநீட்ட எனக்குப் பயமாக இருக்கிறது.

ரோமானியப் படைவீரர்களின் பேச்சு லத்தீன் இந்த மழைநாட்டில் தங்கிப் பிறந்த மொழி அது, ஒருகாலத்தில் காஸ்டிலிய அரசனே பாட்டுக் கட்டிய மொழி, ஆற்றுக்கு அக்கரையில் போர்ச்சுகீசியமாகி அரசவை ஏறியது, இக்கரையில் அதிகாரிகள் கைவிட, உழவர் வாயிலும் மீனவர் வாயிலும் ஒண்டிக்கொண்டது, இதெல்லாம் எனக்குத் தெரியும், பதிவறையில் கிடந்த மடாலயத்துத் தோல் ஆவணங்களை யாரும் பார்க்காதபோது படித்தவன் நான்.

மூன்றாம் நாள், தீர்ப்புக்குச் சற்று முன், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நீதிபதி முன் நின்றேன், அறுநூறு ஆண்டுப் பழைய எழுத்து, வெள்ளத்தில் விழுந்த தேவாலய மணியை ஆற்றிலிருந்து எடுத்ததை அதே சொல்லால்தான் எழுதியிருந்தார்கள், எடுத்து மறுபடி கோபுரத்தில் கட்டினார்கள் என்றும் இருந்தது, எறிஞ்சத எப்படிக் கட்ட முடியும் ஐயா, அவ காப்பாத்தத்தான் பாத்திருக்கா, நான் தப்பா எழுதிட்டேன், என்றேன், இதப் படிக்க உமக்கு எப்படித் தெரியும், என்றார் நீதிபதி, இது என் தாய்மொழிங்க, என்றேன்.

பிற்பகலில் அவளை விடுவித்தார்கள், சாயங்காலத்துக்குள் என் வேலை போயிற்று, வாசற்படியில் எர்மிதாஸ் காத்திருந்தாள், நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், என் முகத்தையே பார்த்தபடி எங்கள் மொழியில் கேட்டாள், மொத நாள் நான் சொன்னப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதா ஐயா, புரிஞ்சுதும்மா என்றேன், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாள்.