ஃபேனில் சிக்கிய மல்லிகை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. திண்டுக்கல் பேகம்பூரில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் அப்துல் கையூம் பாய் திருப்புளியால் நோண்டி எடுத்துக் கொடுத்தது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப், நாலு பத்தி தட்டுவதற்குள் தோசைக்கல்லாகிப் பட்டென்று அணைந்துவிடும். என் வாசகர்கள் செய்வதை அது முந்திக்கொண்டு செய்தது.

பாய் அதன் முதுகைக் கழற்றினார். ஃபேனில் தூசியோடு காய்ந்த மல்லிகை இதழ்கள் சிக்கியிருந்தன.

"யாரு கையில இருந்துச்சு சார் இது? பூக்கடையிலயா?"

தெரியாது என்றேன். புது ஃபேன் மதுரையிலிருந்து வர வேண்டும், அதுவரை கொஞ்சம் ஓட்டுவதும் கொஞ்சம் நிறுத்துவதுமாகச் சமாளியுங்கள் என்று மூடிக் கொடுத்தார்.

(இதழ் எப்படி உள்ளே போகும் என்று பொறியாளர்கள் கடிதம் போட வேண்டாம். போயிருந்தது.)

2

முதல் முயற்சி: 'மார்கழிப் பனியில் மலைக்கோட்டை மௌனமாக' – வேண்டாம். திண்டுக்கல் என்று எழுதினாலே மலைக்கோட்டை, பூட்டு, பிரியாணி மூன்றும் வந்து வாசலில் நிற்கும். நிற்கட்டும்.

இரண்டாம் முயற்சி: வருடம் 2009 என்று வையுங்கள். சித்தையன்கோட்டைப் பூ வியாபாரி முத்துச்சாமியின் மகள் சுகன்யா பி.எஸ்சி. முடித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வீடியோவில் நேர்காணல் செய்கிறது. இது தவறினால் தையில் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நல்லவன்தான். அவளுக்கு வேண்டியது வேலை. அவளிடம் இருப்பதோ இதே லேப்டாப். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று அதிகாரி கேட்டதுமே அது கொதிக்க ஆரம்பித்தது. முத்துச்சாமி எழுந்து வந்து

(அணைந்துவிட்டது. என்னுடையது.)

3

எழுந்து வந்து சுவிட்சை நிறுத்தினார் என்று எழுதத்தான் இருந்தேன். அப்பா என்றால் வில்லன். எனக்கும் வேலை மிச்சம். அதுவரை எழுதியதைப் படித்த என் மனைவி இசைவாணி முகத்தைச் சுளித்தாள்.

"அந்தாளு பூ யாவாரி. சூடுன்னா அவருக்கு என்னங்க தோணும்?"

சரியாகச் சொல்லிவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது. மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் சரக்கு. வழியில் விரிந்துவிடாமல் இருக்கத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பை வைத்து அடைத்து அனுப்புவார்கள். சூட்டுக்கு முத்துச்சாமி அறிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆகவே மும்பைக்குப் போக வேண்டிய பெட்டியைப் பிரித்து, இதழ் ஒட்டிய ஐஸ் பையை எடுத்து, காமிராவில் தெரியாமல் தவழ்ந்து போய் லேப்டாப்புக்கு அடியில் செருகினார். அது உருகியதும் அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

மகள் தன் பலவீனங்கள் என்னவென்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் அப்பா தவழ்ந்துகொண்டிருந்தார். கொட்டிய மொட்டெல்லாம் அறை முழுக்க விரியத் தொடங்கின. இதைத் தட்டிவிட்டுப் படித்துப் பார்த்தேன், சிரிப்பே வரவில்லை. நக்கல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஆகாது. [அடுத்த நாலு வரியை அழித்துவிட்டேன்.]

4

முடிவுகள்.

அ) ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கி எல்லாம் போயிற்று, கல்யாணம். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

ஆ) வேலை கிடைத்தது. இலக்கியம் என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இ) எல்லாம் கனவு. சீ.

கடைசியில் எனக்கு வந்தது இது: "எப்போது வந்து சேர முடியும்?" என்று அதிகாரி கேட்டார். (எல்லோரிடமும் கேட்பார்களாம்.) சுகன்யா வாயைத் திறந்தாள். லேப்டாப் அணைந்தது.

(அவளுடையது.)

5

மதுரையிலிருந்து ஃபேன் வந்துவிட்டது. லேப்டாப் இப்போது ஜில்லென்று ஓடுகிறது. முடிவு எழுதாததற்கு இனி அதன்மேல் பழி போட முடியாது. அந்தப் பிள்ளைக்கு வேலையைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்றாள் இசைவாணி. கதையின் நேர்மை என்று ஆரம்பித்தேன்.

"அம்புட்டு மொட்டும் விரிஞ்சு போச்சு," என்றாள். "அத என்ன செய்யப் போறீங்க?"

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். காலிப் பெட்டியின் மேல் முத்துச்சாமியின் செல்போன் இருக்கிறது. விண்ணப்பத்தில் சுகன்யா கொடுத்த எண் அதுதான். அப்பாவும் மகளும் விரிந்த பூவுக்கு நடுவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கூப்பிட்டால் என் குரலை அவள் கண்டுபிடித்துவிடுவாள். நீங்கள் யாராவது கூப்பிடுங்கள்.