இஸ்தான்புல்லில் ஒரு சிவப்புக் குளிரங்கி

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்து ஹோட்டலொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிவலிங்கத்துக்கு, எண்பத்தெட்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இஸ்தான்புல்லைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்நகரத்தின் லாலேலிப் பகுதியில், சன்னல் சீலை எப்போதும் இழுத்து மூடியிருக்கும் ஓர் அறையில், அவனுடைய அண்ணன் தில்லைநாதன் மாதக்கணக்காக அடைந்து கிடந்தார். அடுத்த கிழமை சுவிட்சர்லாந்துக்கு அனுப்புகிறேன் என்று, காசு வாங்கி ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொண்டேயிருந்தான். அந்த அடுத்த கிழமைதான் வந்து சேரவில்லை.

ஊரில் பருத்தித்துறை பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர் அவர். நாள் முழுக்க மனித முகங்களோடு வாழ்ந்தவருக்கு நான்கு சுவர்கள் என்ன செய்யும் என்பதை, புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த தொலைபேசி அழைப்பு சொல்லிற்று.

"தம்பி, எனக்கு இது காணும். நான் ஊருக்குத் திரும்பிப் போறன்."

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? கட்டுநாயக்கா எயாப்போட்டில இறங்கின உடன பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

"இஞ்ச மட்டும் என்னவாம்? வெளியில கால் வைச்சால் பொலிஸ். உள்ளுக்க இருந்தால் சுவர். அங்கையெண்டாலும் பிடிக்கிறவனுக்கு என்ரை பாஷை விளங்கும்."

அது வெறும் சலிப்புப் பேச்சு அன்று. அதே அறையில் இருந்த ஒருவர் ஆவணியில் அப்படித்தான் திரும்பிப் போயிருந்தார். விமானம் ஏறியதற்குப் பிறகு அவரைப் பற்றி எவருக்கும் ஒரு தகவலும் இல்லை. சிவலிங்கம் அகதி விண்ணப்பக்காரன். எல்லையைத் தாண்டிப் போய் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை அவனுக்கு இல்லை.

இந்நிலையில்தான் கஃப்லிஷ் அம்மையார் இஸ்தான்புல்லுக்குப் புறப்பட்டார். தேவாலய மண்டபத்தில் செவ்வாய்தோறும் அகதிகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர் அவர்; கணவர் எலும்பு மருத்துவர். மருத்துவர்களின் மாநாடு அங்கே நடக்கவிருந்தது. ஆண்கள் மண்டபத்துக்குள் உரை கேட்டுக்கொண்டிருக்க, உடன் வரும் மனைவிமாருக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவதற்கென்று 'டாமென்புரோகிராம்' என்றொரு தனி ஏற்பாடு. கிழமைகளையும் நேரங்களையும் கற்பிப்பதற்கு அம்மையார் அந்த நிகழ்ச்சிநிரலையே வகுப்பில் வாசித்தார். புதன்கிழமை, காலை பத்து மணி, நீல மசூதி வாசல். சிவலிங்கம் அன்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, கையாலும் வாயாலும் தன் வேண்டுகோளை விளக்கினான்: அண்ணனுக்கு ஒரு குளிரங்கி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மையார் ஒரு தடவை மட்டும் கேட்டார்: "அண்ணனின் உயரம் என்ன?"

பழைய சாமான் விற்கும் புரொக்கிக் கடையில், பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் போடும் குளிரங்கி ஒன்றை அவன் வாங்கிவந்தான். அவனோடு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தவராஜா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் மச்சான், இதென்னடா சிவப்பு? மனிசன் ஒளிச்சிருக்கிறார், நீ தபால் பெட்டி மாதிரி உடுப்பு அனுப்புறாய். சனம் கடிதம் போடப்போகுது."

"அளவான வேற நிறம் இல்லையடா."

"அப்ப துருக்கிக்காரன் முத்திரையோட வருவான், பார்."

அடுத்த அழைப்பில் சிவலிங்கம் இடத்தையும் நேரத்தையும் அண்ணனுக்குச் சொன்னான். பிறகு, தானே எதிர்பாராத துணிவோடு இன்னொன்றும் சொன்னான்.

"ஜக்கெற்றைப் போடுங்கோ அண்ணை. போட்டியள் எண்டால் மாரிக் குளிருக்கு அங்க நிக்கிறியள் எண்டு எனக்கு விளங்கும். ஊருக்குத்தான் போறியள் எண்டால், அந்த மனுசியிட்டையே திருப்பிக் குடுத்துவிடுங்கோ. ஊர் வெயிலுக்கு அது என்னத்துக்கு?"

"பாப்பம்" என்றார் தில்லைநாதன். இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அவரிடமிருந்து அழைப்பே இல்லை.

அம்மையார் வெயிலில் சிவந்த முகத்தோடு திரும்பிவந்தார். "உங்கள் அண்ணனைக் கண்டேன். சுகமாக இருக்கிறார். சனிக்கிழமை மனைவியோடு வீட்டுக்கு வாருங்கள்; ஸ்லைட் படங்கள் காட்டுகிறோம், கேக்கும் உண்டு." சிவலிங்கம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

"ஜக்கெற்றைப் பற்றிக் கேட்டனீங்களோ?" என்றாள் அவன் மனைவி ஜெயகௌரி.

"இல்லை."

"ஏன், வாயுக்க கொழுக்கட்டையோ?"

"போட்டவர் எண்டு சொன்னால் சரி. திருப்பித் தந்தவர் எண்டு சொன்னால், சனிக்கிழமை வரைக்கும் நான் என்னெண்டு இருக்கிறது?"



சனிக்கிழமை மாலை மருத்துவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவனுடைய கண்கள் கோட்டுகள் தொங்கும் கொக்கிகளுக்குத்தான் போயின. சாம்பல், பச்சை, கறுப்பு. சிவப்பு இல்லை. ஜெயகௌரியும் அதையே பார்த்துவிட்டு அவன் முழங்கையை மெல்லத் தட்டினாள்.

விளக்கு அணைந்தது. மருத்துவர் இயந்திரத்தை இயக்கினார். "நானும் இப்போதுதான் இஸ்தான்புல்லைப் பார்க்கப்போகிறேன்" என்றார் அவர். "அங்கே நான் பார்த்ததெல்லாம் முழங்கால்கள்."

முதற்படம் தலைகீழாக வந்தது. திருப்பிப் போட்டதும், மசூதியின் முன்னே பெண்கள் கூட்டத்துக்கு ஓரமாக, தாள் பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி தில்லைநாதன் நின்றார். சிவலிங்கம் கேக்குத் தட்டைக் கீழே வைத்தான். அண்ணனின் கன்னங்கள் ஒட்டியிருந்தன.

"பையை வாங்கியதும் போகப் பார்த்தார்" என்றார் அம்மையார். "எங்களோடு வாருங்கள் என்றேன். பதிவு செய்யாதவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்றான் வழிகாட்டி ஓர்ஹான். ஆகவே என் பெயர் அட்டையைக் கழற்றி இவர் சட்டையில் குத்திவிட்டேன்."

அடுத்த படத்தில் அந்த அட்டை தெளிவாகத் தெரிந்தது. ஃபிராவ் கஃப்லிஷ், சுவிட்சர்லாந்து. அந்தத் 'திருமதி'க்கு மேலே அண்ணனின் மீசை. ஜெயகௌரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மருத்துவர் ஒளிவுமறைவில்லாமலே சிரித்தார்.

நிலத்தடி நீர்த்தொட்டியின் தூண்கள் வந்தன. இருட்டில் எவர் முகமும் தெரியவில்லை. அரண்மனை முற்றம் வந்தது. அங்கே அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வெளியில் அவர் நிற்பதை நெடுங்காலத்துக்குப் பிறகு பார்த்த சிவலிங்கத்துக்கு முதலில் மகிழ்ச்சியே உண்டாயிற்று.

"பையைக் காணேல்லை" என்று ஜெயகௌரி கிசுகிசுத்தாள்.

இயந்திரம் 'கிளக்' என்றது. பொஸ்பொரஸ் நீரிணையில் ஒரு படகு. மேல்தட்டில், காற்றுக்குத் தலை குனிந்தபடி வெள்ளைத்தலைக் கிழவி ஒருத்தி இருந்தாள். அவள் உடலில் சிவப்புக் குளிரங்கி.

சிவலிங்கம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். அண்ணன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தேவையில்லாத பொருளை வழியில் கண்டவருக்குத் தானம் செய்துவிட்டார். கொக்கியில் சிவப்பு இல்லாததற்கு இதுவா காரணம்? இந்நேரம் அண்ணன் எந்த விமானத்தில், எந்த விமான நிலையத்தில்? அடுத்த படமும் அதற்கடுத்த படமும் வெறும் கடலாக ஓடின. அவன் கேட்கத்தான் வேண்டும். சேர்த்து வைத்திருந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் ஒன்றாக்கிக் கேட்டான்.

"அந்த ஜாக்கெட்... அண்ணன்... கொடுத்துவிட்டாரா?"

"அதுவா!" அம்மையார் கையைத் தட்டினார். "ஹுன்ஸிக்கர் அம்மாவுக்குப் படகில் குளிரில் பல்லெல்லாம் அடித்தது. அரண்மனையில் பஸ்ஸிலேயே விட்டிருந்த பையைப் படகுக்குக் கொண்டுவந்திருந்தார் அண்ணன்; அதிலிருந்து எடுத்துப் போர்த்திவிட்டார். அந்த அம்மா அதைத் தனக்கே தந்துவிட்டதாக நினைத்துவிட்டார்! பொறுங்கள், அடுத்தது சந்தை."

சந்தையில் பெண்கள் கடைக்கொருவராகச் சிதறிப் போனார்களாம். வழிகாட்டி தலையில் கைவைத்து நின்றபோது, தில்லைநாதன் பஸ் வாசலில் ஏறி நின்று, வந்தவர்களை விரலால் எண்ணத் தொடங்கினாராம். ஆள் குறைந்ததும் தானே சந்தைக்குள் போய், கம்பளக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவரைக் கூட்டிவந்தாராம். பிறகு பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்று கத்தியதும் சாரதி வண்டியை எடுத்துவிட்டானாம்.

"ஓர்ஹான் அவரை விடவில்லை. மற்ற இரண்டு நாள் சுற்றுலாவுக்கும் வரச்சொன்னான். அடுத்த மாநாடு நரம்பு மருத்துவர்களுடையதாம். அதற்கும் வருவதாக உங்கள் அண்ணன் சொல்லியிருக்கிறார்."

"ஜாக்கெட்?" என்றான் சிவலிங்கம் மறுபடியும்.

"மாலையில் எங்களை ஹோட்டலில் இறக்கினார்கள். ஹுன்ஸிக்கர் அம்மா சிவப்போடு உள்ளே போகிறார். இவர் பின்னாலேயே ஓடிவந்தார். பகல் முழுக்க அவ்வளவு கூச்சப்பட்ட மனிதர், வாசல் நடுவில் நின்று கையை நீட்டினார். 'மேடம், பிளீஸ். மை ஜாக்கெட். விண்டர் கமிங்.'"

மருத்துவர் பொத்தானை அமுக்கினார். கடைசிப் படம். பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலை ஊன்றி, கம்பியை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை உயர்த்தியபடி தில்லைநாதன் தொங்கிக்கொண்டிருந்தார். கழுத்துவரை இழுத்துப் பூட்டிய சிவப்புக் குளிரங்கி.

 ஜெயகௌரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"கை நீளமாக் கிடக்கு. மனிசன் நல்லா மெலிஞ்சு போனார்."

"சோறு கிடைச்சால் சரிவரும்" என்றான் சிவலிங்கம்.  சுவரில் படம் மறைந்து வெறும் வெளிச்சம் விழுந்ததும், அவன் மருத்துவரிடம் திரும்பி, பிழையில்லாத ஜெர்மனில், அதை இன்னொரு தரம் காட்டமுடியுமா என்று கேட்டான்.