முதல் ஆணி

மண்டையில் மிச்சமிருந்த மூன்று முடியும் உதிர்ந்த பிறகுதான் நான் சொந்த வீடு வாங்கினேன். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் முன்பணம் ஏது? முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் பாதியைக் கொடுத்து உதவும் திட்டம் ஒன்று வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் புது மாப்பிள்ளைகள். "பையனுக்காக வந்தீங்களா ஐயா?" என்று நூறு பேராவது கேட்டிருப்பார்கள். "எனக்குத்தான் தம்பி. இப்பதான் வயசுக்கு வந்தேன்" என்றேன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. வாங்கியவர்களே அதில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்டாலோ பூட்டிப் போட்டாலோ கொடுத்த உதவியை மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். எங்களுக்கு அது வீட்டை விற்றால்தான் முடியும்.

மூன்றாம் மாதம் சோதனைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொசு அடித்த தடம்கூட இல்லை. கடிகாரம் தரையில் மல்லாந்து கிடந்தது. மகளின் கல்யாணப் படம் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சுவரில் எண்ணெய் தெறிக்கக் கூடாதென்று அடுப்பு, சமையலறையின் நட்ட நடுவில். மூட்டைகள் கட்டியது கட்டியபடி.

"சார், உண்மையச் சொல்லுங்க. இதெல்லாம் நேத்து கொண்டுவந்து வச்சதுதானே?"

"மூணு மாசமா இங்கதாம்மா இருக்கோம்."

"கீழ் வீட்டுல கேட்டேன். மேல யாருமே இல்லன்னாங்க. ஒரு சத்தம் கிடையாதாம்."

எப்படி இருக்கும்? ஆயுள் முழுக்க வாடகை வீடு. பூனைக்கே நடை சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தோம். எங்கள் கடைசி ஓனருக்குச் சுவரில் ஆணி அடித்தால் அவர் நெஞ்சில் அடித்த மாதிரி. நாங்கள் தும்மினால் அடுத்த தெருவிலிருந்து ஓடி வருவார்.

அதிகாரியின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். "டிக்கெட் காத்துல பறந்துடுச்சு சார்" என்றவர்களை நான் பார்த்த அதே முகம். ஒருவரையாவது நம்பினேனா? பேனாவைத் திறந்தார்.

"இந்த மனுஷனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தைரியம் கிடையாதும்மா, விஷயம் அவ்வளவுதான்" என்று மனைவி மானத்தை வாங்கினாள்.

விடுவேனா? வீட்டில் சுத்தியல் கிடையாது. பழைய பூட்டைக் கையில் எடுத்தேன். கடிகாரத்துக்கு இடம் பார்த்து, குளியலறைப் பக்கத்துச் சுவரில், மலையைப் பிளக்கிற வீரனாக ஓங்கி நாலு போடு போட்டேன்.

சுவருக்குள்ளே தண்ணீர்க் குழாய்! ஆணி தெறித்தது. பின்னாலேயே ஒரு நீர்வீழ்ச்சி கிளம்பி நேராக அதிகாரியின் மேல் பாய்ந்தது.

"ஐயையோ, ஓனர்! ஓனருக்குப் போன் போடுங்க!" என்று மனைவி அலறினாள்.

நானும் போட்டேன். பழகிய கை. ஈர விரல் எதையோ அழுத்த, பழைய ஓனரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"சார், தெரியாம ஒரு ஆணி அடிச்சிட்டேன் சார். மன்னிச்சிடுங்க சார். ஒரே ஒரு ஆணிதான் சார்!" என்று கெஞ்சினேன்.

"யோவ்! உனக்கென்ன கிறுக்கா? காலி பண்ணிப் போய் மூணு மாசம் ஆச்சு. நீ குடியிருக்கறது உன் வீடுய்யா! அங்க ஓனர் நீதான். ஆணி அடி, கடப்பாரை போடு, என் உயிர எடுக்காத!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நின்ற அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, எங்கள் வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் திருகு எங்கே என்று அவரே தேடிக் கண்டுபிடித்து மூடினார்.

"குடியிருக்கீங்கன்னு எழுதிக்கறேன் சார். இப்படி நடிக்க யாராலயும் முடியாது. மூட்டையப் பிரிங்க முதல்ல."

மறுநாள் குழாய் வேலை செய்பவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உடைக்கணும் பெரியவரே. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

படுக்கையறைக்குள் போனேன். கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். கொஞ்சம் முறைத்தார்.

திரும்பி வந்து சொன்னேன்: "உடைக்கச் சொல்லிட்டார்."