வந்த பெண்ணுக்காக மூட்டிய கணப்பு

காலையில் எழுந்ததும் மலியாவுக்கு முதல் வேலை ஜன்னல் துடைப்பது. வீட்டுக்குள் விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில் தண்ணீராக வழிந்து நிற்கும். பழைய துண்டால் துடைத்து வாளியில் பிழிவாள். மூன்றாவது ஜன்னலுக்குப் போவதற்குள் இருமல் வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சுவரிலும் கறுப்பாகப் பூசணம். உலகின் தென்கோடி ஊரான இன்வர்கார்கில்லில் ஜூலை மாதக் குளிர் அப்படித்தான்.

அவள் கணவன் டாவிடா ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிறவன். குளிர்காலத்தில் அங்கே வேலை இருக்காது. இருபத்தாறு வருடம் குனிந்து நின்று வாங்கிய வீடு இது. போன வருடம் மலியாவுக்கு நிமோனியா வந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புகையும் ஆகாது, ஈரமும் ஆகாது, இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் தாங்காது.

புகையில்லாமல் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் தீரும். செலவில் பெரும்பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. சொந்த வீடு, பழைய வீடு, குறைந்த வருமானத்துக்கான அட்டை, கூரையிலும் தரைக்கடியிலும் குளிர் தடுக்கும் பஞ்சு, எல்லாம் இவர்களிடம் இருந்தது. நிபந்தனை இன்னும் ஒன்று: கூடத்தில் வேலை செய்கிற கணப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு விறகுக் கணப்பு இருந்தது. ஆனால் அதன் இரும்பு வயிறு வெடிப்பு விட்டு, புகைபோக்கி துருப்பிடித்து, மூட்டினால் பாதிப் புகை வீட்டுக்குள்ளேயே வரும். இரண்டு வருடமாகத் தொடவில்லை. மலியா விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதியிருந்தாள். டாவிடா படிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டான்.

வீட்டைப் பார்வையிட ஆள் வருகிற அன்று மலியாவுக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் பரிசோதனை. "வர்றவங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

டாவிடா கூடத்தில் தனியாக நின்றான். மூச்சு புகையாகப் போனது. வீட்டுக்கு வருகிறவர் நடுங்கிக்கொண்டு உட்காருவதா? அவனைப் போன்ற சமோவாத் தீவுக்காரன் வீட்டில் அப்படி ஒரு கேவலம் நடந்ததில்லை. கடைக்கு ஓடி அடுப்புச் சாந்து வாங்கி வெடிப்பையும் புகைபோக்கி ஓட்டையையும் அன்றைக்கு மட்டும் தாங்கும்படி அடைத்தான். தேவாலயத்து நண்பனிடம் காய்ந்த விறகு வாங்கி வந்து மூட்டினான். ஜன்னல்களைத் துடைத்தான். பூசணத்தின் மேல் குடும்பப் படத்தை நகர்த்தி மாட்டினான். உருண்டை பான்கேக் ஒரு தட்டு நிறையப் பொரித்தான்.

பார்வையிட வந்தவள் மெரே, அந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண். உள்ளே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

"அடேங்கப்பா, என்ன மாமா, உங்க வீடு எங்க ஆபீசை விட இதமா இருக்கு!"

"உக்காரும்மா. மொதல்ல சாப்பிடு."

நான்கு பான்கேக் போன பிறகு அவள் காகிதத்தை எடுத்தாள். "இந்தக் கணப்பு நல்லா எரியுதா?"

"பாத்தா தெரியலையா?"

"புகை எதுவும் வருதா? உள்ளதைச் சொல்லுங்க மாமா."

டாவிடா இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினான். மூட்டி, பெருமையும் பட்டாயிற்று. இனி என்ன சொல்வது? "எங்க வீட்லயா? சேச்சே."

அவள் எழுதிக்கொண்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு மலியா அதை வாய்விட்டுப் படித்தாள். கூடத்தில் வேலை செய்யும் கணப்பு இருப்பதால் தகுதி இல்லை.

"கணப்பா? எந்தக் கணப்பு? ஏங்க, அதை மூட்டினீங்களா?"

"வந்த புள்ள குளிர்ல உக்காரணுமா மலியா?"

"அந்தப் புள்ள நம்ம குளிரைப் பாக்கத்தானே வந்துச்சு!"

அதற்கு மேல் பேச இருமல் விடவில்லை. உதடு நீலமாகும்வரை இருமினாள். டாவிடா முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். தன் மனைவி ஒரு மூச்சை இழுக்க எத்தனை பாடுபடுகிறாள் என்று அன்றுதான் கணக்காகப் பார்த்தான். எழுந்து போய் மானிய ஆபீசுக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். அவன் போனைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த வாரம் மெரே மறுபடி வந்தாள். காலையில் துண்டை எடுத்த மலியாவிடம், "அப்படியே இருக்கட்டும், பாக்கட்டும்" என்றான் டாவிடா.

"இன்னிக்கு ஜாக்கெட்டைக் கழட்டாதம்மா" என்று மெரேயிடம் சொன்னான். படத்தை இறக்கிப் பூசணத்தைக் காட்டினான். உளி வைத்துச் சாந்தைப் பெயர்த்தான். வெடிப்பில் அவன் கை நுழைந்தது.

மெரே பெருமூச்சு விட்டாள். "புதுசா எழுதித் தர்றேன். கிடைக்கும் மாமா. ஆனா வரிசையில கடைசிக்குப் போயிட்டீங்க. செப்டம்பர் ஆகிடும்."

"அதுக்குள்ள குளிரே போயிடும்" என்றாள் மலியா. "பரவால்ல, டீயைக் குடி. இந்த வீட்ல சூடா இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா?"

டாவிடா உளியைக் கீழே வைத்தான். கையில் சாந்துத் தூசி.

"வெக்கம்மா. உதவ வந்தவங்ககிட்ட கஷ்டத்தை ஒளிச்சா மானம் நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. இவ மூச்சுதான் நின்னுருக்கும். நமக்கு உரிமையானதைக் கேக்கிறது பிச்சை இல்லம்மா. இந்தத் தெருவுல இன்னும் நாலு வீட்ல கஷ்டத்தை இப்படித்தான் அடைச்சு மறைச்சு வெச்சிருக்காங்க. நானே போய்ச் சொல்லிடறேன்."