இரண்டரை மணிப் படகு

ஸ்டேட்டன் தீவுப் படகுக்குக் கட்டணம் கிடையாது. நாள் முழுக்கப் போய் வந்து கொண்டிருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரே ஒரு விதிதான் உண்டு: கரை சேர்ந்ததும் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அதே படகில் திரும்பிப் போகிறவர்களும் இறங்கி, நிலையத்தைச் சுற்றி வந்து, புதிதாக வரிசையில் நின்றுதான் ஏற முடியும். அந்த விதி அன்று லொரெட்டாவின் உயிரை வாங்கியது.

பன்னிரண்டு மணிக்கு மன்ஹாட்டனில் ஏறினாள். "படகுல ஏறிட்டேன்" என்று அக்காவுக்குச் செய்தியும் அனுப்பினாள். இருபத்தைந்து நிமிடத்தில் தீவு வந்தது. இறங்கினாள், சுற்றி வந்தாள், மறுபடி ஏறி மன்ஹாட்டனுக்கே திரும்பிவிட்டாள். அங்கேயும் கால் தரிக்கவில்லை. ஒரு மணிப் படகில் மீண்டும் ஏறி உட்கார்ந்தாள். மடியில், ஒன்பதாவது அவென்யூவில் வாங்கிய பலகாரப் பெட்டி. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டியது. அவள் பிடித்த பிடியில் அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

படகு நடுத் துறைமுகத்துக்கு வந்ததும், வழக்கம்போல வெளியூர்க்கூட்டம் முழுவதும் வலப்பக்கக் கம்பிகளுக்கு ஓடியது. கையில் தீவட்டியோடு நிற்கும் அந்தச் சிலையைப் படம் பிடிக்காவிட்டால் ஜென்மம் சாபல்யமாகாது அவர்களுக்கு. தீவுக்காரர்கள் இடப்பக்கப் பெஞ்சுகளில் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார்கள், காபி குடித்தார்கள். லொரெட்டாவும் தீவில் பிறந்தவள்தான். ஆனால் இன்று அவளால் எந்தப் பக்கமும் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். அறுபத்தொரு வயதில் இப்படித் தவிக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

விஷயம் இதுதான். அக்கா அசுந்தா செவ்வாய்க்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு ஃப்ளோரிடாவில் மகனோடு இருக்கப் போகிறாள். "போறதுக்கு முந்தி ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பிட வா" என்று கூப்பிட்டிருந்தாள். எட்டு வருடத்தில் இதுதான் முதல் அழைப்பு. அந்த எட்டு வருடமும் லொரெட்டாவின் தொண்டையில் ஒரு பொய் சிக்கிக் கிடந்தது. அம்மா சாகக் கிடந்த அன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போகவில்லை. போனில் கூப்பிட்டு, "மூடுபனிக்கா, படகை நிறுத்திட்டாங்க, இன்னும் சிட்டியிலதான் நிக்கிறேன்" என்றாள். மறுமுனையில் அக்கா, "அம்மா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அடக்கத்துக்கு லொரெட்டா வந்தாள். கல்லறையிலிருந்து அப்படியே படகுக்கு ஓடிவிட்டாள். அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. இன்று சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் இல்லை, அதுதான் அவளை இங்கும் அங்கும் அலைக்கழித்தது.

படகு தீவுத் துறையில் முட்டி நின்றது. கூட்டம் இறங்கியது. லொரெட்டா பெஞ்சை விட்டு எழவில்லை.

"அம்மா, எல்லாரும் இறங்கணும்" என்றான் படகு ஊழியன் டெரெல். தடித்த ஆள், இடுப்பில் சாவிக்கொத்து.

"நான் திரும்பிப் போறவதாம்ப்பா. இப்படியே உக்காந்துக்கறேனே."

"தெரியும். பன்னெண்டு மணியிலருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். என் பொண்டாட்டிகூட என்னை இத்தன தடவ பாக்க வந்ததில்ல" என்று சிரித்தான். "ஆனா ரூல் ரூல்தான். இறங்குங்க, ஒரு சுத்து நடங்க, திரும்ப ஏறுங்க. நடந்தா நல்லதும்மா, சக்கர குறையும்."

வேறு வழியில்லாமல் இறங்கி வரிசைக்குப் போனாள். முன்னால் தொப்பி போட்ட கணவனும் மனைவியும். ஒஹையோவிலிருந்து வந்திருந்தார்களாம்.

"சூப்பரா இருந்துச்சுல்ல சிலை?" என்றாள் அந்தப் பெண். "இந்தத் தீவுல பாக்க ஏதாச்சும் இருக்கா? ஒண்ணும் கிடையாதுன்னாங்க. அதான் கால் வச்ச உடனே திரும்புறோம். நீங்களும் சிலைக்குத்தானே வந்தீங்க?"

லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. சிறுமியாக இருந்தபோது அவளும் அக்காவும் இதே வரிசையைப் பார்த்துத்தான் கைகொட்டிச் சிரிப்பார்கள். வாசல் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்குள் வராமல் போகிற ஜனங்கள் என்று கேலி செய்வார்கள்.

"நான் இந்த ஊர்க்காரி" என்றாள் கோபமாக.

"அப்படியா! அப்ப இந்த வரிசையில ஏன் நிக்கிறீங்க?"

கதவு திறந்து வரிசை நகர்ந்தது. தொப்பிக்காரர்கள் உள்ளே போனார்கள். லொரெட்டா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்பி, நிலையத்தை விட்டு வெளியே வந்து மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கினாள். நின்றால் திரும்பிவிடுவோம் என்ற பயத்தில் மூச்சு வாங்கினாலும் நிற்கவில்லை.

அசுந்தா கதவைத் திறந்தாள். அறுபத்தெட்டு வயது, மாவு படிந்த மேலங்கி. பின்னாலிருந்து, காலையிலிருந்து கொதிக்கிற தக்காளிக் குழம்பின் வாசனை வந்தது.

"பன்னெண்டு மணிக்கு ஏறிட்டேன்ன. இப்ப மணி என்ன? நீந்தியா வந்த?"

"படகு..." என்று ஆரம்பித்தாள் லொரெட்டா. பழக்க தோஷம், நாக்கு தானாகவே பொய்யைத் தேடிப் போனது. அதற்குள் சமையலறைக்கு வந்திருந்தார்கள். ஜன்னலில் துறைமுகம் முழுவதும் விரிந்து கிடந்தது. பளிச்சென்ற வெயிலில் இரண்டு ஆரஞ்சுப் படகுகள், ஒன்று போக, ஒன்று வர. படகுக் கொடிகூடத் தெரிந்தது. அந்த ஜன்னலடியில், தரை விரிப்பில் நான்கு ஆழமான குழிகள்.

"என்னக்கா இது?"

"அம்மா கட்டில். பின்னாடி ரூம்ல சுவரத்தான் பாக்கணும், படகு தெரியணும்னு அடம் பிடிச்சாங்க. கடைசி மூணு வாரம் இங்கதான் கிடந்தாங்க."

அம்மாவும் அக்காவும் பின்னறைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்று எட்டு வருடமாக நம்பியிருந்தாள் லொரெட்டா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிந்தது. காது மடல் எரிந்தது.

"படகு லேட்டில்லக்கா" என்றாள். "ரெண்டு தடவ வந்தேன். ஒரு தடவ திரும்பி ஓடிட்டேன். அன்னைக்கும் அப்படித்தான். மூடுபனியெல்லாம் இல்ல."

"தெரியும்" என்றாள் அசுந்தா, கரண்டியை வைக்காமலே. "வெயில் கண்ணு கூசுச்சு அன்னைக்கு. போன்ல நீ மூடுபனின்னப்ப இந்த ஜன்னல்லதான் நின்னேன்."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சிட்டிய விட்டுக் கிளம்பவே மனசு வரல இவளுக்குன்னு நெனச்சேன். அத என்னத்தக் கேக்குறது?"

"இல்லக்கா. கிளம்பினேன். இந்தக் கரைக்கே வந்துட்டேன்." லொரெட்டாவின் குரல் உடைந்தது. "நிலையத்து வாசக்கதவு வரைக்கும் வந்தேன். அம்மா சாகுறத என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சு. பயந்தாங்கொள்ளி நான். திரும்பி ஏறிட்டேன்."

அசுந்தா அடுப்பை அணைத்தாள். மெல்லத் திரும்பினாள்.

"எந்தப் படகுல வந்த?"

"ஏன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எந்தப் படகு?"

"ரெண்டரை மணிப் படகு."

அசுந்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா ஒவ்வொரு படகா காட்டி, இதுல வர்றாளா, இதுல வர்றாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இல்லம்மா, அடுத்ததுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ரெண்டரை மணிப் படகு கரைக்கு வந்தப்ப மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. மனசு கேக்கல. 'வந்துட்டாம்மா, அந்தப் படகுலதான் இருக்கா, இதோ இறங்கிட்டா'ன்னேன். அதப் பாத்துக்கிட்டேதான் கண்ண மூடினாங்க. சாகப் போற பெத்த தாய்கிட்ட பொய் சொல்லிட்டேனேன்னு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப அழுதிருக்கேன்டி. ஒரு தடவ இல்ல, வருஷா வருஷம்."

லொரெட்டா அந்த நான்கு குழிகளுக்கு நடுவே நின்றாள்.

"அப்ப நான் சொன்னது பொய்யில்ல" என்றாள் அசுந்தா. முகம் கோணியது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "உன்மேல கோவம் போகலடி, சொல்லிட்டேன். அது வேற கணக்கு. அந்தப் பெட்டிய இப்படிக் குடு. நசுக்கியே கொன்னுட்ட."