சிவநேசனின் அளவு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் நண்பர் ஒருவர் சைக்கிளை வைத்து ஒரு கதை எழுதினார். கிள்ளான் முதல் அம்பாங் வரை ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்கும் சைக்கிள் தெரியும் ஐயா, என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'பிரிக்ஃபீல்ட்ஸில் அன்று மழை விடாமல்...' வேண்டாம். எல்லார் கதையிலும் மழை பெய்கிறது.

இரண்டாவது: 'ரஞ்சனின் மனைவி ஜனகா பேரழகி...' இதுவும் வேண்டாம். அவள் வேகமானவள். கதைக்கு அதுதான் தேவை.

2.

ரஞ்சனும் ஜனகாவும் ஞாயிறுதோறும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் சைக்கிளில் போவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அருகருகேதான். பிறகு சிவநேசன் வந்து சேர்ந்துகொண்டான். இப்போது ஜனகாவும் அவனும் முன்னால் பறக்கிறார்கள். பாதி வழியில் சுபாங் ஜெயா ஊர் வருவதற்குள் ரஞ்சனுக்குத் தெரிவது இரண்டு முதுகுகள் மட்டுமே. அவையும் சிரித்துக் குலுங்குகின்றன.

மனைவிக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடம் அவனுக்குத் திரும்ப வேண்டும். அது கைநழுவியதற்குத் தன் தொப்பை காரணமாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் சைக்கிளின் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டான்.

(சிவநேசனுக்கு ஏதாவது கெட்ட குணம் வைக்கப் பார்த்தேன். கஞ்சன் என்று எழுதினேன், அடித்தேன். வழிசல் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எதுவும் அவன்மேல் ஒட்டவில்லை. யாருடைய டயர் பஞ்சரானாலும் முதலில் இறங்குபவன் அவன். இப்படிப்பட்டவனை எப்படி வெறுப்பது? ரஞ்சனுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.)

3.

இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு, சட்டத்தின் அடியில் ஒரு குறுக்குக் குழாய்க்குள் இருக்கிறது. அச்சைத் தாங்கும் உருளைக்குப் பாட்டம் பிராக்கெட் என்று பெயர். ரஞ்சனுடையது தேய்ந்துபோய்க் கடகடத்தது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதன் அகலம் குழாய்க்குப் பொருந்த வேண்டும், அச்சின் நீளம் பெடல் மாட்டும் கிராங்குக்குப் பொருந்த வேண்டும்.*

* நண்பரின் கதையில் இந்த விவரமெல்லாம் கிடையாது. சும்மா சொல்லிவைத்தேன்.

கிள்ளானில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடிக்கும்போது ரஞ்சன் பட்டும் படாமலும் கேட்டான்.

"சிவா, உன்னோட பாட்டம் பிராக்கெட் என்ன சைஸ்?"

"அச்சு நூத்தி ஏழு மில்லி, அண்ணே. ஆனா உங்க கிராங்குக்கு..."

"தெரியும் லா."

அந்த வாக்கியத்தை முடிக்கச் சிவநேசனை நான் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கதை அங்கேயே தீர்ந்திருக்கும்.

மறுநாள் கடைக்காரர் ரபீக் பழைய உருளையைக் கழற்றி, துடைத்துப் பார்த்தார்.

"இதுல நூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்கு, பாஸ். அதே சைஸ்தான் எடுக்கணும்."

"நூத்தி ஏழு கொடுங்க. வீட்டுல நானே மாட்டிக்கிறேன்."

"அச்சு குட்டையாயிடும், பல்சக்கரம் சட்டத்துல இடிக்கும், பாஸ்."

"சிவநேசனுக்கு இடிக்கலையே?"

"யாரு சிவநேசன்?"

ரஞ்சன் பழையதையும் புதியதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

4.

சனிக்கிழமை வீட்டில் புதியதை மாட்டினான். குழாய்க்குள் அழகாகத்தான் உட்கார்ந்தது. கிராங்கை இறுக்கியதும் பல்சக்கரம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. விடுவானா? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். நீலப் பெயின்ட் உரிந்து, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"என்னங்க சத்தம்?" என்றாள் ஜனகா.

"ஒண்ணும் இல்ல."

பழைய நூற்றுப் பதினெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்தான்.

ஞாயிறு காலை, சுற்ற மறுக்கும் சைக்கிளைக் கீழே இறக்கினான். ஏன் இறக்கினான் என்று அவனுக்கே தெரியாது. வாசலில் சிவநேசன் ஒரு சின்னப் பெட்டியோடு நின்றான்.

"நூத்திப் பதினெட்டு, அண்ணே. இப்பவே மாட்டிடலாம்."

"என்னோட சைஸ் உனக்கு எப்படித் தெரியும்?"

சிவநேசன், ரஞ்சனுக்குப் பின்னால் இறங்கி வந்த ஜனகாவைப் பார்த்தான்.

"நான்தாங்க," என்றாள் அவள். "குப்பையில கிடந்தத போட்டோ எடுத்து சிவாவுக்கு அனுப்பினேன். நீங்க இல்லாம ரைட் போக எனக்குப் பிடிக்கல."

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ரஞ்சன் காதில் முதலாவது மட்டும்தான் விழுந்தது.

5.

முடிவு அ: ரஞ்சன் பெட்டியை வாங்கிக்கொள்கிறான். சிவநேசன் மண்டியிட்டு மாட்டுகிறான், ஜனகா சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள். ரஞ்சன் சும்மா நிற்கிறான். எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

முடிவு ஆ: "எனக்கு வேணாம், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்கிறான். அவர்கள் போகிறார்கள். மறுபடியும் அந்த இரண்டு முதுகுகள்.

முடிவு இ: சிவநேசன் திடீரென்று ஷா ஆலமுக்கு வேலை மாற்றலாகி... சே.

இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். நான் ஆரம்பத்திலிருந்தே ரஞ்சன் கட்சி. என் நண்பர் எனக்கு ஒரு நல்ல முடிவைச் சொல்லிக்கொடுத்தாலும் வாங்கமாட்டேன். கீறல் விழுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கிள்ளான் வரை நடப்பேன்.

சிவநேசன் நீட்டிய கை அப்படியே இருக்கிறது. ஜனகா இன்னும் ஹெல்மெட்டை மாட்டவில்லை. நீங்கள் என்னைவிட நல்லவராக இருந்தால், ரஞ்சனின் கையை நீங்களே நீட்டிவிடுங்கள்.