நம்பத்தகுந்த வட்டாரம்

டி.வி. பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பாதுகாப்பு அமைச்சரின் அலுவலகத்தில், எல்லாச் செய்திச் சேனல்களும் ஒன்றாகக் கத்தும் ஓர் அறை என்னுடையது. அந்தக் கத்தலை வடிகட்டி, ‘மக்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்று ஒரு பக்கம் எழுதி, அமைச்சரின் காலை டீயோடு வைக்க வேண்டும். நான் மக்களைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்பது வேறு விஷயம்.

என் மனைவி அந்தச் சேனல்களில் ஒன்றில் செய்தி ஆசிரியர். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது ராத்திரிச் சாப்பாட்டில்தான். மற்ற வீடுகளில் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் பக்கத்து நாட்டைப் பற்றி.

எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வாரம் அது. யாருக்கும் அடியில்லை. அவளுடைய ஒரே தம்பி அங்கேதான் சிப்பாய். இதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த தன் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச, விடுப்பில் வருவதாக இருந்தான். அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அறையை ஒழித்துக்கொடுப்பதற்காக, என் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் நாடு கடத்தியிருந்தாள் என் மனைவி.

அன்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: அமைச்சர் மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டார், முகமெல்லாம் சிவந்திருந்தது என்று. அவள் ‘ம்’ கொட்டியபடி இன்னொரு கரண்டி பரிமாறினாள். அந்தப் பிரியத்தில் நான் எதையும் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் காலை அவளுடைய சேனல் சிவப்பாக எரிந்தது. ‘கொதிப்பில் அமைச்சர். தக்க பதிலடிக்குத் தயார் என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தகவல்.’ பத்து நிமிஷத்தில் மற்றச் சேனல்களும் கொதித்தன. நானும் கடமை தவறாமல், ‘நாடே தங்கள் உறுதியைத்தான் பேசுகிறது’ என்று எழுதி வைத்தேன்.

அமைச்சர் கன்னத்தில் கைவைத்தபடி படித்தார். “அப்படியா பேசிக்கிறாங்க? அப்ப நான் சும்மா இருந்தா நல்லா இருக்காதே.”

சாயங்காலத்துக்குள் படையில் எல்லோருடைய விடுப்பும் ரத்து.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தம்பியிடம் பேசி முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் அமைச்சருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டாள்.

“உங்க சேனல்லதானே சொன்னாங்க,” என்றேன்.

“சேனல்ல போட்டது நான். எனக்குச் சொன்னது நீங்க.”

சாப்பிட உட்கார்ந்தோம். நம்பத்தகுந்த வட்டாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது.

“நிஜமா அவர் ஏன் சாப்பிடல?” என்றாள்.

அமைச்சரின் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கடைவாய்ப் பல் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் என்றால் ஐயாவுக்குப் பயமாம்.

சிரிக்க ஆரம்பித்தோம். அவள் பாதியில் அழுதுவிட்டாள்.

மறுநாள் டீயை வைக்கும்போது, பல் டாக்டரிடம் போகலாம் என்ற பேச்சையும் எடுத்தேன். ஒரு நாட்டின் மீதே படையெடுக்கத் துணிந்தவர், அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறுவதற்குள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். பல் போனது. மத்தியானம் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

மனைவி பல்லைப் பற்றியே செய்தி போடப் பார்த்தாள். அவளுடைய மேலதிகாரி, பல்லெல்லாம் ஒரு செய்தியா என்று விரட்டிவிட்டார். ஆகவே, ‘அமைச்சர் நிதானம், பேச்சுவார்த்தைக்கு வாய்ப்பு’ என்று போட்டாள். மற்றச் சேனல்களும் நிதானமாயின. நான் அதை எழுதி வைத்தேன்.

“நான் என்னிக்குமே நிதானம்தானேப்பா,” என்றார் அமைச்சர், வீங்கிய வாயோடு.

விடுப்பு ரத்தும் ரத்தானது. மச்சினன் வந்தான். குழந்தை அவனைப் பார்த்து வீறிட்டு அழுது, பிறகு அவன் தோளிலேயே தூங்கிப்போனது. சாப்பிடும்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

“மாமா, அமைச்சர் எப்படி இருக்கார்? திரும்பக் கூப்பிட்டுருவாங்களா?”

என் மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் குழந்தையைப் பார்த்தேன்.

“நல்லா சாப்பிடறார் மாப்ளே,” என்றேன்.

கரண்டி என் தட்டுக்கு இறங்கியது.